எந்த டிகிரிக்கும் எம்.எஸ்.டபிள்யூ. கிடைக்கும் என்றால் பி.எஸ்.டபிள்யூ. எதற்கு?

கேள்வி, 11 மே 2023

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது, 600-க்கு 451. ஊர் திண்டுக்கல் பக்கம். டவுன் காலேஜில் பி.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி இளங்கலை) அப்ளிகேஷன் வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் கொடுக்கவில்லை. அப்பா பி.காம். போகச் சொல்கிறார். எங்கள் டீச்சரோ, "எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு (அதன் முதுகலை) எந்த டிகிரி முடித்தவர்களையும் எடுப்பார்கள், இப்போது பி.காம். படி, மூன்று வருடம் கழித்தும் ஆசை இருந்தால் அங்கே போ" என்கிறார். அப்படியென்றால் பி.எஸ்.டபிள்யூ. படிக்கிறவர்கள் எல்லாம் ஏமாளிகளா? படித்தவர்கள் யாராவது உண்மையைச் சொல்லுங்கள்.

12 மே 2023

டீச்சர் சொன்னது சரிதான். தமிழ்நாட்டில் அநேகமாக எல்லாக் கல்லூரியிலும் எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும். என் எம்.எஸ்.டபிள்யூ. வகுப்பில் ஒரு பக்கம் பி.எஸ்சி. கணிதம், இன்னொரு பக்கம் விஸ்காம், கடைசி பெஞ்சில் பி.இ. மெக்கானிக்கல் முடித்த பையன் ஒருவன். பி.எஸ்.டபிள்யூ. முடித்து வந்த நாங்கள் ஒரு கைப்பிடி. முதல் மாதம் எங்கள் அலட்டல் தாங்காது, சார் பாதி வாக்கியம் சொன்னால் மீதியை நாங்கள் முடிப்போம். செமஸ்டர் ரிசல்ட் வந்தபோது மெக்கானிக்கல்தான் வகுப்பில் முதல்.

எழுத்துப் பாடத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் பி.எஸ்.டபிள்யூ. தேவையே இல்லை என்று யார் வேண்டுமானாலும் வாதாடலாம். வித்தியாசம் தெரிந்தது ஃபீல்ட் ஒர்க்கில், அதாவது களப்பயிற்சியில். அரசு மருத்துவமனை வார்டில் முதல் நாள் போய் நிற்கும்போது யாரிடம் பேசுவது, எங்கே உட்காருவது, அழுகிறவரிடம் கேள்வி கேட்கலாமா கூடாதா, இதையெல்லாம் இருபத்தொரு வயதில் முதல்முறையாகச் சந்திப்பதற்கும் பதினெட்டிலேயே சந்தித்து, தடுமாறி, திட்டு வாங்கி முடித்துவிட்டு வருவதற்கும் நிறைய தூரம் இருக்கிறது. அந்த மூன்று வருடம் கொடுப்பது இதைத்தான். உங்களுக்கு இது வேண்டுமா என்று முதலில் யோசியுங்கள், ஏமாளியா இல்லையா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

12 மே 2023, இரவு

பி.எஸ்.டபிள்யூ.வோடு நிறுத்திவிட்டு வேலை தேடினால்? கஷ்டம். இதில் மறைக்க ஒன்றுமில்லை. என்னோடு முடித்து அத்தோடு நிறுத்தியவர்களுக்குக் கிடைத்தது தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர், குழந்தைகள் இல்லத்தில் வார்டன், இல்லாவிட்டால் மைக்ரோ ஃபைனான்ஸ். கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் கிடைக்கும். குழு கூட்டத் தெரியும், பெண்களிடம் பேசத் தெரியும் என்று நம்மை எடுப்பார்கள், கொஞ்ச நாளில் தவணை கட்டாத வீட்டு வாசலில் போய் உட்காரச் சொல்வார்கள். நீங்கள் எதற்காகப் படித்தீர்களோ அதற்கு நேர் எதிரான வேலை.

டி.என்.பி.எஸ்.சி. எழுதலாம், ஆனால் டிகிரி கேட்கிற பெரும்பாலான பதவிகளுக்கு இதுவும் பி.காமும் ஒன்றுதான். ஆகவே பி.எஸ்.டபிள்யூ. என்றால் ஐந்து வருடப் படிப்பு என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு சேருங்கள். வீட்டு நிலைமை ஐந்து வருடம் தாங்காது என்றால் அப்பா சொல்கிற பி.காம். தப்பில்லை.

14 மே 2023

பாடம் என்னென்ன இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லா ஆர்ட்ஸ் படிப்பிலும் உள்ளபடி தமிழும் ஆங்கிலமும் உண்டு. கூடவே சமூகவியல், உளவியல் அறிமுகம். அப்புறம் ஆறு முறைகள் என்று ஒன்று வரும், ஐந்து வருடமும் விடாது: கேஸ் ஒர்க் (ஒரு ஆளோடு வேலை செய்வது), குரூப் ஒர்க் (ஒரு குழுவோடு), சமுதாய அமைப்பு (ஒரு ஊரோடு), சமூகநல நிர்வாகம், ஆராய்ச்சி, சோஷியல் ஆக்‌ஷன். முதல் மூன்றும் நேரடி முறை, பின் மூன்றும் துணை முறை என்று பிரித்து எழுதாவிட்டால் மார்க் போடமாட்டார்கள். வரலாறு என்றால் 1889-ல் சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் தொடங்கிய ஹல் ஹவுஸ் என்ற சேவை மையம், 1917-ல் கேஸ் ஒர்க் பற்றி மேரி ரிச்மண்ட் எழுதிய புத்தகம், இந்தியா என்றால் 1936-ல் பம்பாயில் டாட்டா பெயரில் வந்த கல்லூரி, சென்னை என்றால் 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த வருடங்களைச் சொல்வேன். வேலைக்கு வந்த பிறகு ஒருவர்கூடக் கேட்டதில்லை.

பீஸ்டெக் என்று ஒருவர் வருவார், கேஸ் ஒர்க்குக்கு ஏழு கோட்பாடுகள் எழுதியவர். அவரை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உதவி கேட்டு வந்தவருக்குத் தன் முடிவைத் தானே எடுக்க உரிமை உண்டு என்பது அந்த ஏழில் ஒன்று. பரீட்சையில் அரைப் பக்கம் எழுதிவிடலாம். அடிக்கிற கணவனிடமே திரும்பிப் போகிறேன் என்று ஒரு அக்கா பையைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது அந்த அரைப் பக்கம் தொண்டையில் வந்து நிற்கும். நமக்குப் பிடித்த முடிவை எடுத்தால்தான் அதை அவருடைய உரிமை என்று ஒத்துக்கொள்வோமா? அந்த அக்கா போனார். போகுமுன் பெண்களுக்கான உதவி எண் 181-ஐ அவர் போனில் வேறு பெயரில் பதிந்து கொடுத்தேன், என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலம். தமிழ் மீடியம் என்று பயம் வேண்டாம், முதல் வருடம் எல்லாரும் ஒரே நோட்ஸைத்தான் ஜெராக்ஸ் எடுப்பார்கள். ஃபீல்ட் ஒர்க் ரிப்போர்ட்டை ஆங்கிலத்தில் எழுதச் சொல்வதுதான் வதை. போன வீட்டில் ஒரு பாட்டி சொன்னதை ஆங்கிலத்தில் எழுதும்போது பாதி காணாமல் போய்விடும். நான் பாட்டி பேச்சை அப்படியே தமிழில் எழுதி, சுற்றிலும் என் ஓட்டை ஆங்கிலத்தை வைத்தேன். எங்கள் துறை மேடம் ஒன்றும் சொல்லவில்லை.

20 மே 2023

ஃபீல்ட் ஒர்க், ஃபீல்ட் ஒர்க் என்கிறீர்களே அது என்ன என்று இன்னொரு தம்பி கேட்டிருக்கிறார். பொதுவாக வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு கிடையாது, கல்லூரி ஒதுக்கிய இடத்துக்குப் போக வேண்டும். சில கல்லூரிகளில் இளங்கலைக்கு ஒரு நாள்தான், சிலவற்றில் செமஸ்டருக்கு ஒருமுறை மொத்தமாக அனுப்புகிறார்கள். முதல் வருடம் பெரும்பாலும் சுற்றிப் பார்ப்பது: முதியோர் இல்லம், சிறப்புப் பள்ளி, வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லம், பஞ்சாயத்து ஆபீஸ். அடுத்த வருடத்திலிருந்து ஒரே இடம். போய் வந்ததை எழுத வேண்டும், வாரம் ஒருமுறை துறை ஆசிரியர் உட்காரவைத்துப் பேசுவார், செமஸ்டர் முடிவில் வைவா (வாய்மொழித் தேர்வு).

எல்லா ரிப்போர்ட்டும் "ராப்போ ஏற்படுத்தினேன்" என்றுதான் தொடங்கும், அதாவது பழகி நம்பிக்கை ஏற்படுத்தினேன் என்று. உள்ளே விட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், ராப்போ முடிந்தது. எங்கள் செட்டில் ஒருத்தி பூட்டிய வீட்டிலும் ராப்போ ஏற்படுத்தியிருந்தாள்.

எனக்கு இரண்டாம் வருடம் நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் வாரக்கணக்கில் வருவதில்லை, அவனைப் பார் என்று ஹெச்.எம். சொன்னார். வீட்டுக்குப் போனேன், அம்மா இல்லை, பாட்டி மட்டும். ரிப்போர்ட்டில் "பெற்றோருக்குக் கல்வி பற்றிய விழிப்புணர்வு இல்லை, விழிப்புணர்வு ஏற்படுத்தத் திட்டமிட்டுள்ளேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்படித்தான் எல்லாரும் எழுதுவோம். எங்கள் மேடம் அந்த வரியைச் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். பக்கத்தில் மூன்று கேள்வி. வீட்டில் எத்தனை பேர், காலையில் யார் எத்தனை மணிக்கு எங்கே போகிறார்கள், பையன் எந்தெந்த மாதம் வரவில்லை?

ஹெச்.எம்.மிடம் வருகைப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தபோதுதான் மூன்றாவது கேள்வி ஏன் என்று புரிந்தது. வெயில் ஏற ஏற லீவு கூடுகிறது, கார்த்திகை மார்கழியில் பையன் ஒழுங்காக வருகிறான். அந்தப் பக்கம் முழுக்க மல்லிகை. கோடையில் பூ அதிகம், மொட்டு விரியும் முன் பறித்து மார்க்கெட்டுக்குப் போயாக வேண்டும், கூலி கிலோ கணக்கில். அம்மா இருட்டோடு கிளம்புகிறார், பையனும் கூடப் போகிறான், ஏனென்றால் சின்ன விரல் வேகமாகப் பறிக்கும். திரும்பி வரும்போது பள்ளி மணி அடித்து வெகுநேரம் ஆகியிருக்கும், லேட்டாகப் போனால் வெளியே நிற்கவைப்பார்கள், அதற்குப் போகாமலே இருக்கலாம். அந்த அம்மாவுக்குப் படிப்பின் அருமை என்னைவிட நன்றாகத் தெரியும், மூத்த பெண்ணை ஹாஸ்டலில் விட்டுப் படிக்கவைத்துக்கொண்டிருந்தார்.

நான் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. பூ சீசனில் லேட்டாக வந்தாலும் உள்ளே விடுங்கள் என்று ஹெச்.எம்.மிடம் பேசினேன், அவரும் விட்டார். பையன் முழுநேரமாக வந்தான் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சிவப்பு வட்டத்துக்கு அப்புறம் "விழிப்புணர்வு இல்லை" என்ற வரியை நான் எழுதியதில்லை, என்னிடம் வருகிற மாணவர்களையும் எழுத விடுவதில்லை.

21 மே 2023

செலவு. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கல்லூரிக்கு பஸ் பாஸ் உண்டு, ஃபீல்டுக்குப் பல நேரம் வேறு ரூட். மதியச் சாப்பாடு, ரிப்போர்ட் பைண்டிங், கேம்ப் பணம், ஸ்டடி டூர். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்பது எங்கள் காலத்தில் இல்லாத வசதி. நீங்கள் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும், கல்லூரியிலேயே விண்ணப்பம் வாங்குவார்கள். அதைச் சேலைக்குச் செலவழிக்காதீர்கள் (சேலை கட்டித்தான் ஃபீல்டுக்கு வர வேண்டும் என்கிற துறைகளும் உண்டு, அது தனி எரிச்சல்).

3 ஜூன் 2023

எந்தக் காலேஜ் நல்லது என்று வரிசையாகக் கேட்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் இங்கே சண்டைதான் வரும். அப்ளிகேஷன் கொடுக்கும் முன் துறைக்குப் போய் மூன்றாம் வருட மாணவர் யாரையாவது ஓரமாகக் கூப்பிட்டு, "உங்க ரிப்போர்ட்டை யார் படிக்கிறாங்க, படிச்சிட்டு என்ன கேக்குறாங்க?" என்று கேளுங்கள். "கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுவாங்க" என்றால் அங்கே ஃபீல்ட் ஒர்க் பேருக்குத்தான். "திருப்பித் திருப்பி எழுதச் சொல்லி உயிரை எடுக்குறாங்க" என்று புலம்பினால் அங்கே சேருங்கள்.

ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்பதையும் கேளுங்கள். ஐம்பது பேர் ரிப்போர்ட்டை ஒருவர் படிப்பது நடக்காத காரியம், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். ஏஜென்சி, அதாவது ஃபீல்டுக்கு அனுப்பும் இடம், எது என்று கேட்கும்போது பெரிய பெயராகச் சொல்வார்கள், அதில் மயங்காதீர்கள். பெரிய மருத்துவமனையில் போய் ஃபைல் அடுக்கிவிட்டு வந்தவர்களும் உண்டு, நாலு பேர் வேலை பார்க்கிற சின்ன அமைப்பில் ஒரு குடும்பத்தின் கதையை முழுக்கப் பின்தொடர்ந்தவர்களும் உண்டு.

தபாலில் படிக்கலாமா என்று கேட்டவருக்கு: இக்னோவில் (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பி.எஸ்.டபிள்யூ. இருக்கிறது, அதிலும் ஃபீல்ட் ஒர்க் உண்டு, தப்பிக்க முடியாது. ஏற்கெனவே ஏதாவது அமைப்பில் வேலை பார்த்துக்கொண்டு டிகிரி இல்லாமல் தவிப்பவர்களுக்கு அது நல்ல வழி. பிளஸ் டூ முடித்த கையோடு வருகிறவர்களுக்கு நான் சொல்லமாட்டேன், கூட உட்கார்ந்து கிண்டல் பண்ண செட் வேண்டும்.

28 ஜூன் 2023

சேர்ந்துவிட்டேன், அப்பா இன்னும் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பேசுவார். எங்கள் வீட்டில் அத்தை ஒருவர், "ஊருக்கு நல்லது செய்ய எதுக்குடி காலேஜு, கோயில்ல அன்னதானத்துக்கு எல போட்டாப் போதாதா?" என்று கல்யாண வீடுகளில் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அதே அத்தைதான் மாமா தவறிய பிறகு விதவை உதவித்தொகை மனுவோடு என்னிடம் வந்தார். இ-சேவையில் பதிவதில் தொடங்கி, வி.ஏ.ஓ., ஆர்.ஐ., அப்புறம் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனித் தாசில்தார் ஆபீஸ் என்று அலைந்தோம். எந்த மேசையில் காகிதம் நிற்கிறது என்று கண்டுபிடிப்பது ஒரு வித்தை, அதற்குத் தனியாக ஒரு பேப்பரே வைக்கலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாளுக்கு ஒருமுறை போய் வெறுமனே உட்கார்ந்து பாருங்கள். வெளியே மரத்தடியில் காசு வாங்கிக்கொண்டு மனு எழுதுகிறவர்கள் இருப்பார்கள், அவர்கள் முதல் வரியை எப்படி ஆரம்பிக்கிறார்கள் என்று கவனியுங்கள். எங்கள் மேடத்துக்கு அடுத்தபடியாக நான் கற்றுக்கொண்டது அவர்களிடம்தான்.

29 ஜூன் 2023

பெண் பிள்ளைகள் தனியாக ஃபீல்ட் போவது பாதுகாப்பா என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இரண்டு பேராகப் போக வேண்டும், இருட்டிய பிறகு வீட்டுச் சந்திப்பு கூடாது, சொந்த நம்பரைக் கொடுக்கவே கூடாது, ஏஜென்சி நம்பர்தான். யாராவது தப்பாக நடந்தால் அன்றைக்கே துறையில் சொல்லுங்கள், "ரிப்போர்ட்டில் எழுதினால் மார்க் குறையுமோ" என்று யோசிக்காதீர்கள். நான் பார்த்த ஒரு இடத்தில் ஏஜென்சி ஆளே பிரச்சினை. துறை அந்த இடத்தையே நிறுத்திவிட்டது, மாணவிக்கு மார்க் குறையவில்லை. எல்லா இடத்திலும் அப்படி நடக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, அதனால்தான் சீனியர்களிடம் பேசச் சொல்கிறேன். இன்னொன்று, கழிப்பறை. காலையில் கிளம்பும்போதே எங்கே போவது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் புத்தகத்திலும் இது இருக்காது.

9 ஆகஸ்ட் 2023

"சோஷியல் ஒர்க் படித்துவிட்டு ஹெச்.ஆர்.க்குப் போகிறவர்கள் துரோகிகள்" என்று ஒரு அண்ணன் பொங்கியிருக்கிறார். அண்ணே, கொஞ்சம் பொறுங்க. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 49-ஆம் பிரிவில் 500 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஆலைக்கு நல அலுவலர் வேண்டும் என்று இருந்தது. எம்.எஸ்.டபிள்யூ.வில் ஹெச்.ஆர். எடுப்பது அங்கிருந்து வந்த வழிதான், புதிதாக முளைத்ததில்லை. ஆசை பாதி, சம்பளம் பாதி.

எங்கள் வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைகளில், மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லிப் பெண்களை விடுதியில் வைத்து வேலை வாங்கிய கதை எல்லாருக்கும் தெரியும், சுமங்கலித் திட்டம் என்று பேப்பரில் எல்லாம் வந்தது. என்னோடு பத்தாவது படித்தவர்கள் போனார்கள். அப்படிப்பட்ட ஒரு விடுதியில் நெஞ்சில் ஈரம் உள்ள ஒரு நல அலுவலர் இருந்தால் காய்ச்சல் வந்த பெண்ணை ஷிப்டுக்கு அனுப்பாமல் தடுக்க முடியும். தடுப்பார்களா என்பது ஆளைப் பொறுத்தது. போகவே கூடாது என்று நாம் சொன்னால் அந்த நாற்காலியில் வேறு யார் உட்காருவார்கள்?

10 ஆகஸ்ட் 2023

அண்ணன் பதில் போட்டிருக்கிறார், முன்பெல்லாம் தொண்டு நிறுவனங்களில் வேலை கொட்டிக் கிடந்ததாம். கிடந்தது உண்மை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் சமூகப்பணி முடித்தவர்களைக் கையைப் பிடித்து இழுத்தார்கள் என்று எங்கள் சீனியர்கள் சொல்வார்கள். 2020-ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். நிர்வாகச் செலவுக்கு முன்பு நன்கொடையில் பாதி வரை போகலாம், இப்போது ஐந்தில் ஒரு பங்குதான். வாங்கிய பணத்தை இன்னொரு சின்ன அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது. ஒரு பெரிய அமைப்பிடம் வாங்கி நாலைந்து பேருக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்த கிராமத்து அமைப்புகள் அதில் அடிபட்டன. நான் முதலில் வேலை பார்த்த இடமும் அதில் ஒன்று, இப்போது அந்தக் கட்டடத்தில் டியூஷன் சென்டர். கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கு என்று ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணம் வருகிறது, ஆனால் அதற்கு எக்செல் தெரிய வேண்டும், போட்டோ எடுக்கத் தெரிய வேண்டும், காலாண்டுக்கு ஒரு வெற்றிக் கதை எழுதத் தெரிய வேண்டும். மல்லிகைப் பையன் கதை அதில் செல்லாது, அவன் முழுசாகப் பள்ளிக்கு வரவில்லையே.

17 செப்டம்பர் 2023

அந்தப் பையனைப் பற்றி மறுபடி. போன மாதம் காலை உணவுத் திட்டத்தை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் விரிவாக்கினார்கள். செய்தி படித்ததும் அவன் ஞாபகம்தான். தோட்டத்திலிருந்து வெறும் வயிற்றோடு வருகிறவனுக்குப் பள்ளியில் பொங்கலோ உப்புமாவோ இருந்தால் அம்மாவே நேரத்துக்குத் துரத்தியிருப்பார். நான் ஹெச்.எம்.மிடம் கெஞ்சி வாங்கிய சலுகையைவிட அது பெரிது. கேஸ் ஒர்க் படிக்கிறபோது ஒரு ஆளை மட்டும் பார்க்கப் பழகிவிடுவோம், கொள்கை மாறினால் ஒரே நாளில் ஊர் முழுக்க மாறும் என்பது அப்போது உறைக்காது. ஆனால் அப்படிப்பட்ட ஒரு வீட்டையாவது பார்க்காத அதிகாரிக்குத் திட்டம் போடும்போது பள்ளி மணிக்கும் பூ மார்க்கெட்டுக்கும் உள்ள சம்பந்தம் எங்கிருந்து தெரியும் என்றும் தோன்றுகிறது. ரெண்டும் வேண்டும்.

5 நவம்பர் 2023

மே மாதம் நான் எழுதியதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வருடம் நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு ஃபீல்ட் ஒர்க்குக்கு வந்த எம்.எஸ்.டபிள்யூ. மாணவர்களில் இருவர் பி.எஸ்.டபிள்யூ. முடித்தவர்கள், ஒரு பெண் பி.காம். அந்த இருவரும் டயாலிசிஸ் வார்டுக்குள் வந்ததும் ஐஸ் பிரேக்கர் (கூச்சம் போக்கும்) விளையாட்டு நடத்தலாமா என்று கேட்டார்கள். ஊசி குத்தி நாலு மணி நேரம் படுத்திருக்கிறவரிடம் என்ன ஐஸை உடைப்பது? பி.காம். பெண் ஒன்றும் பேசாமல் ஒரு பாட்டியின் மகளுக்குக் காப்பீட்டு அட்டையில் பெயர் திருத்த எங்கே போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். விசாரித்தால், அவள் அம்மாவுக்கு வெகுநாள் வியாதி, பிளஸ் ஒன் படிக்கும்போதிருந்தே ஆஸ்பத்திரிக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் அலைந்தவள்.

பதினெட்டு வயதில் ஃபீல்டுக்குப் போவதே ஒரு படிப்பு என்று எழுதியிருந்தேன். போனால் மட்டும் போதாது. எனக்கு அந்தச் சிவப்பு வட்டம் கிடைத்தது, இந்த இருவரின் ரிப்போர்ட்டில் மூன்று வருடமும் வெறும் கையெழுத்துதான் இருந்ததாம், அவர்களே சொன்னார்கள். ஆனால் ஒன்று, இரண்டு மாதம் உட்காரவைத்துக் கேள்வி கேட்டதும் அவர்கள் ஏறி வந்த வேகம் பி.காம். பெண்ணைவிட அதிகம். அஸ்திவாரம் இருந்திருக்கிறது, யாரும் மேலே கட்டவில்லை.

21 ஜனவரி 2024

கிராமத்தில் தங்கிச் செய்கிற கேம்ப் வரப்போகிறது, டிப்ஸ் கொடுங்கள் என்கிறார் முதல் கேள்வி கேட்ட நம்ம தங்கச்சி (முதல் வருடமே கேம்பா, பரவாயில்லையே). பகலில் ஊரில் ஆள் இருக்காது, நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார்கள், அங்கே காலையும் மதியமும் செயலியில் போட்டோ பிடித்தால்தான் வருகை, அதனால் இடையில் வரவும் மாட்டார்கள். எல்லாவற்றையும் சாயங்காலம் வையுங்கள். ஊர் வரைபடம் போடும்போது நீங்கள் சாக்பீஸைப் பிடிக்காதீர்கள். கோலப்பொடியை அங்குள்ள அக்காக்கள் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள், எந்தத் தெருவுக்குக் குழாய் இல்லை என்பது தானாக வரும். எந்தத் தெருவைப் போடாமலே விட்டார்கள் என்றும் பாருங்கள், அங்கேதான் அடுத்த நாள் போக வேண்டும்.

வீதி நாடகத்தில் குடிகாரன் வேஷம் வேண்டாம். எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள், ஊர்க்காரர்கள் நம்மைவிட நன்றாக நடிப்பார்கள். எங்கள் கேம்பில் ஒரு தாத்தா மேடையேறித் திருத்தம் சொல்லிக் கொடுத்தார்.

ஜனவரி 26 கிராம சபைக்குக் கேம்ப் பொருந்தினால் அதிர்ஷ்டம், உட்கார்ந்து பாருங்கள். பொருந்தாவிட்டால் மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 இருக்கிறது. சமுதாய அமைப்புப் பேப்பரில் பத்து மார்க் கேள்விக்கு எழுதுகிறதெல்லாம் அங்கே ஒரு மணி நேரத்தில் நடக்கும், தீர்மான நோட்டில் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்புவது உட்பட.

4 பிப்ரவரி 2024

டாக்டருக்குக் கவுன்சில் இருக்கிறது, நர்ஸுக்கு இருக்கிறது, வக்கீலுக்கு இருக்கிறது, நமக்கு ஏன் இல்லை என்று ஒரு தம்பி. இல்லைதான். இந்தியாவில் எல்லாச் சமூகப்பணியாளருக்கும் பொதுவான பதிவு எண்ணோ லைசென்ஸோ கிடையாது. அதனால் சட்டத்துக்குச் சட்டம் நம் நிலைமை வேறு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மனநல சமூகப்பணியாளர் என்றால் முதுகலையோடு இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். வேண்டும் என்று கறாராக எழுதியிருக்கிறார்கள். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தில், சிறுவர் மீதான குற்ற வழக்குகளைப் பார்க்கும் வாரியத்துக்கு ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப்பணியாளர்களும். யாரைப் போடலாம் என்று பார்த்தால், குழந்தைகளுக்கான சுகாதாரம், கல்வி, நலப் பணிகளில் ஏழு வருட அனுபவம், அல்லது குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் இவற்றில் டிகிரியோடு தொழில் செய்பவர். சோஷியல் ஒர்க் டிகிரி அந்த வரிசையில் இல்லை! சமூகப்பணியாளர் பதவிக்கே. ஏழு வருட அனுபவத்தில் உள்ளே போகலாம், போயிருக்கிறார்கள், ஆனாலும் வயிறு எரிகிறது.

10 மார்ச் 2024

நர்சிங் கிடைக்காததால் இதற்கு வருகிறேன், பரவாயில்லையா என்று கேட்கும் தங்கச்சிக்கு. பரவாயில்லை. என் செட்டில் விரும்பி வந்தவர்களைவிட வேறு எதுவும் கிடைக்காமல் வந்தவர்கள்தான் அதிகம், இந்த வேலையிலேயே இன்னும் இருப்பவர்களும் அவர்களில்தான் அதிகம். விரும்பி வந்தவர்கள் உலகத்தை மாற்றப் போகிறோம் என்று வந்து, முதல் வருடம் முதியோர் இல்லத்தில் நகம் வெட்டிவிடச் சொன்னதும் கோபித்துக்கொண்டார்கள். (நானும் விரும்பி வந்தவள்தான், கோபித்துக்கொண்டவள்தான்.)

அப்புறம், லீவில் என்ன படிக்கலாம் என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில், தமிழ் டைப்பிங். லோயர் முடித்து வையுங்கள். ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுத்து அடிக்கிற காசு மிச்சம், மனு அடிக்கலாம், அப்புறம் தமிழில் ஹையரும் ஆங்கிலத்தில் லோயரும் முடித்து, குரூப் 4 எழுதி டைப்பிஸ்ட் கிடைத்தால் அப்பாவுக்கும் சந்தோஷம். எம்.எஸ்.டபிள்யூ.வை வேலை பார்த்துக்கொண்டே தபாலில் முடித்த அக்கா ஒருவர் தாசில்தார் ஆபீஸிலேயே இருக்கிறார், எந்த மேசையில் காகிதம் நிற்கிறது என்று நான் அவருக்குத்தான் போன் போடுகிறேன்.